பாரம் வெளியே போன கதை

குன்னூர் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஏர்கண்டிஷனர் ஓடியது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. ஓடியது. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக அந்த அறையில் உட்கார்ந்து நான் செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் போட்டிருக்கிறேன். 1990-களின் நடுவில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அதன் சட்டதிட்டங்கள் வந்து இறங்கிவிட்டன. அறைக்கு ஏ.சி. கட்டாயம், தூசி ஆகாது, செருப்பை வெளியே விட வேண்டும். சென்னை வெயிலை மனதில் வைத்து யாரோ எழுதிய விதிகள். கீழே இருப்பவர்கள் குளிரைத் தேடி மலையேறி வருகிற ஊரில், மெஷினுக்கு மட்டும் அந்தக் குளிர் போதவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு அடுப்பை அடைத்து, பக்கத்து ஜன்னலை அறுத்து ஏ.சி.யைப் பொருத்தினார்கள். "விதின்னா விதிதான்" என்றார் ஹெட் கிளார்க், ஒரு காலுறைக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டே.

மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வேனில் வந்து சேர்ந்தது பரிவாரம். முதலில் இறங்கியது சர்வோ ஸ்டெபிலைசர். அதைத் தூக்க, தொழிலாளர்கள் கூடும் மஸ்டரிலிருந்து ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. பின்னாலேயே யூ.பி.எஸ்., அதற்கென்று தனியாக ஒரு வரிசை பேட்டரி. பிறகு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், முதுகு பெருத்த மானிட்டர். எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் சி.பி.யூ. என்று எல்லோரும் அழைத்த அந்த இரும்புப் பெட்டி வந்தது. "சார், நாம வாங்கினது கம்ப்யூட்டரா, கரண்ட் ஆபீசா?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் கரண்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரிவாரத்தின் அவசியமும் புரியும். ஆபீசும் ஃபேக்டரியும் ஒரே லைன். சாயங்காலம் கொழுந்து வந்து சேர்ந்து, அதை வாட்டுகிற பெரிய ஃபேன்களை ஒவ்வொன்றாகப் போடும்போது ஆபீசில் டியூப் லைட் ஒவ்வொரு முறையும் கண்ணைச் சிமிட்டும். விடிகாலையில் ரோலர்கள் ஓடத் தொடங்கினால் இன்னொரு சுற்று. சித்திரை, வைகாசியில் கோடை இடி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும், அன்றைக்கு ஜெனரேட்டர்தான். ஜெனரேட்டர் கொடுக்கிற கரண்டை யூ.பி.எஸ். நம்பாது. 50 ஹெர்ட்ஸ் என்ற இலக்கணத்துக்கு அது அடங்கவில்லை என்று கீச்சிட்டுக்கொண்டே பேட்டரிக்குத் தாவிவிடும். சம்பளத்துக்கு முந்தின நாள் அந்தக் கீச்சுச் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பேரேடு அடித்த கிளார்க்குகளுக்கு இப்போதும் எங்கேனும் அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக 'சேவ்' பண்ணப் போகும்.

அப்புறம் எர்த் பிரச்சினை. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஒரு கூச்சம் ஓடும். சர்வீஸ் இன்ஜினீயர் கோயம்புத்தூரிலிருந்து வந்து மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த் இல்லைங்க" என்பார். பாறைமேல் நிற்கிற கட்டடத்துக்கு எர்த் எங்கிருந்து வரும்? தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண் இருக்கும் இடமாகப் பார்த்துக் குழி தோண்டி, குழாய் இறக்கி, மரக்கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். கோடையில் அந்தக் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. தோட்டக்காரரின் வேலைப் பட்டியலில் ரோஜாச் செடிகளுக்கு அடுத்தபடியாகக் கம்ப்யூட்டரின் எர்த் குழியும் சேர்ந்துகொண்டது. உரம் போடணுமா என்றும் ஒருநாள் அவர் விசாரித்தார்.

இவ்வளவு ராஜமரியாதையும் உண்மையில் யாருக்கு என்று பார்த்தால், பெட்டியின் பின்மூலையில் உட்கார்ந்திருந்த எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டிக்குத்தான். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. கம்ப்யூட்டர் கேட்பதோ 12, 5 என்று சில்லறை வோல்ட்டுகள், அதுவும் டி.சி.யாக. நடுவில் நின்று நோட்டை மாற்றிச் சில்லறை கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். வந்த கரண்டை முதலில் டி.சி.யாக்கும். அப்போது அது 320 வோல்ட்டைத் தாண்டி நிற்கும். பிறகு அதை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, மறுபடி டி.சி.யாக்கும். வெட்டுகிற வேகம் கூடக் கூட டிரான்ஸ்ஃபார்மரின் அளவு குறையும். இந்த ஒரு வித்தையில்தான் பிற்காலத்துச் சிறுமைகள் எல்லாம் அடங்கியிருந்தன. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அதற்குள் ஒரு ஃபேன் சுற்றும், சுற்றுகிற சத்தம் மாறினால் செலவு வரும் என்பதுதான்.

அதன் முதுகில் சிவப்பாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் 230, மறுபக்கம் 115. அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரே பெட்டியை விற்பதற்காகச் செய்த ஏற்பாடு. பக்கத்து எஸ்டேட்டில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஆயுதபூஜைக்குத் துடைக்கும்போது துணியோடு அந்த ஸ்விட்சும் நகர்ந்துவிட்டது. 115-ல் வைத்தால் உள்ளே வருகிற வோல்ட்டை அது இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நம் 230-ஐ இரட்டித்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. பொரி, கடலை, சுண்டலோடு அந்த வருஷம் வெடியும் உண்டு என்று ஃபேக்டரி முழுக்கப் பேச்சு.

இப்போது கதை இந்தப் பக்கம் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு, சின்ன விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் ஃபேக்டரி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். தங்கை மகனான என் மருமகனுக்குக் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. போன முறை வந்தபோது தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு கறுப்புப் பொருளை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு டிக்‌ஷனரி அளவு இருக்கும்.

"டெஸ்க்டாப் மாமா. உங்களுக்குத்தான்."

"சி.பி.யூ. எங்கடா?"

"இதேதான்."

"இதுக்குள்ள எஸ்.எம்.பி.எஸ். எப்படி உட்காரும்?"

"அது இதுக்குள்ள இல்லைங்க மாமா. இதோ, உங்க கால்கிட்ட கிடக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். லேப்டாப்புக்கு வருமே, அதே அடாப்டர். 65 வாட். ஐ.டி. கம்பெனிகள் இந்த மாதிரிச் சின்ன டெஸ்க்டாப்புகளை ஆயிரக்கணக்கில் குத்தகைக்கு எடுத்துச் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கின்றன. அவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் கோயம்புத்தூர்க் கடைகளுக்கும் வந்து, துடைத்து, புது ஹார்டு டிஸ்க் போட்டு, பாதி விலைக்கும் குறைவாகக் கைமாறுகின்றன. இப்படிச் சின்ன டெஸ்க்டாப் செய்வது 2012-ஐ ஒட்டித் தொடங்கிய வழக்கம். இன்டெலின் நக், லெனோவோவின் டைனி என்று வரிசையாகப் பெரிய பெட்டிகளை விட்டுவிட்டு, லேப்டாப்பின் உறுப்புகளை ஒரு சின்னக் கூட்டுக்குள் அடைத்து, கரண்டுக்கு லேப்டாப் அடாப்டரையே கொடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் டெஸ்க்டாப் வீட்டுக்கு மூத்த பிள்ளை. தம்பியாகப் பிறந்த லேப்டாப்பின் பழைய சட்டையை அண்ணன் போட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

65 வாட் என்றதும் எனக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்தது. 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யில் இருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சக்தி 63.5 வாட். அடுத்து வந்த எக்ஸ்.டி.யில் 130. அதற்கடுத்த ஏ.டி.யில் 192. எங்கள் எஸ்டேட் பெட்டியில் 200 என்று எழுதியிருந்தது. 2000-க்குப் பிறகு கடைக்குப் போனால் 450 வாட்டுக்குக் குறைந்து பேச்சே கிடையாது. அதிலும் மலிவான ரகங்களில் ஸ்டிக்கரில் மட்டும்தான் வாட் இருக்கும், உள்ளே அதைத் தேட வேண்டியிருக்கும். இப்படி ஏறு ஏறென்று ஏறிவிட்டு, 40 வருஷம் கழித்து 65-ல் வந்து நிற்கிறோம். முன்னேற்றம் ஒன்றரை வாட்.

அடாப்டர் விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு சொத்து உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அந்த வரிசையில் என் மகளுக்கும் பிளஸ் டூவில் ஒன்று கிடைத்தது. கல்லூரி, வேலைத் தேர்வு, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றுக்கும் உழைத்து, பேட்டரி ஓய்ந்து, கீல் கழன்று, இப்போது பரண்மேல் இருக்கிறது. அடாப்டர் மட்டும் ஆரோக்கியமாக இருந்தது. தமிழ்நாட்டில் பரண் தேடினால் இப்படி லேப்டாப்பை முந்தவிட்டுத் தான் நின்ற அடாப்டர்கள் எத்தனையோ அகப்படும். அதையும் எடுத்து வந்து மருமகன் முன்னால் வைத்தேன். அவன் மீட்டரை எடுத்தான்.

அதன் அடிவயிற்றில் பொடி எழுத்தில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 65 வாட். "வோல்ட் ஒத்துப்போகணும் மாமா. ஆம்பியர் கூட இருந்தா தப்பில்லை, வேணுங்கறதை மட்டும்தான் மெஷின் இழுக்கும். குறைஞ்சாத்தான் அடாப்டர் காய்ஞ்சு போகும்" என்றான். மீட்டரின் சிவப்பு முனையைக் குழாய் பின்னின் உள்ளே விட்டான், கறுப்பு முனையை வெளிப்பக்கம் வைத்தான். உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். 19-ஐ ஒட்டி எண் அசையாமல் நின்றது. எல்லாம் பொருத்தம், ஆனால் ஜாதகம் சேரவில்லை. புது டெஸ்க்டாப்பின் சொந்த அடாப்டரில் பின்னுக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருந்தது. அதன் வழியாக 'நான் இன்ன அடாப்டர், இத்தனை வாட்' என்று அது மெஷினிடம் சொல்ல வேண்டும். சொல்லாத அடாப்டரை மாட்டினால் மெஷின் திரையில் புகார் எழுதும், பிராசசரின் வேகத்தையும் குறைத்துக்கொண்டு ஒத்துழையாமை இயக்கம் நடத்தும். அரசாங்க அடாப்டருக்கு அந்த ஊசி இல்லை. கடைசியில், பின் மாற்றும் சின்னக் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி அதை மானிட்டருக்குப் போட்டோம். மானிட்டரும் 19 வோல்ட்தான், ஊசி எதுவும் கேட்கவில்லை. மகளைப் படிக்க வைத்த கரண்டில் அப்பா இப்போது கொழுந்துக் கணக்குப் பார்க்கிறார்.

ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா என்று பழக்க தோஷத்தில் கேட்டேன். மருமகன் அடாப்டரின் எழுத்தை மறுபடி காட்டினான்: 100 முதல் 240 வோல்ட் வரை. சிவப்பு ஸ்விட்சும் இல்லை, வெடியும் இல்லை. அமெரிக்காவானாலும் எங்கள் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரானாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. பழைய பெட்டியும் முதுகு மானிட்டரும் சேர்ந்து ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போய்விடும். இப்போது அதில் கால் பங்குகூடச் சரியாக ஆகவில்லை. மெச்ச வேண்டிய விஷயந்தான். மெச்சியும் விட்டேன்.

ஆனால் பாரம் எங்கே போயிற்று என்று யோசித்தால்தான் சிரிப்பு வருகிறது. 230-ஐ 19 ஆக்கும் வேலையும், அதில் பிறக்கும் சூடும், சூட்டில் சாகும் கெப்பாசிட்டரும் பெட்டிக்கு உள்ளே இருந்தன. அவற்றைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பெட்டி சிறுத்துவிட்டது என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆப்பிள் இதில் பழைய கை. 2000-ல் ஜி4 கியூப் என்று ஃபேனே இல்லாத, கண்ணாடிபோல் தெரியும் அழகான பெட்டி ஒன்றை விற்றார்கள். அதற்குக் கரண்ட் கொடுக்கும் கனத்த அடாப்டர் மேசைக்குக் கீழே மறைந்திருந்தது. விளம்பரப் படத்துக்கு அது தேவைப்படவில்லை. 2005-ல் வந்த மேக் மினிக்கும் வெளியேதான். 2010-ல் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் ஐமேக்கை ஒல்லியாக்கும்போது மறுபடி வெளியே. அடாப்டரை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பதில் உலகத்தின் பெரிய மூளைகளே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்தத் தந்திரம் எங்கள் மலைக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் நீலகிரியே சமவெளிக்கு ஒரு வெளி அடாப்டர்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டேரி அருவியில் கரண்ட் எடுத்து அருவங்காடு வெடிமருந்து ஆலைக்குக் கொடுத்தார்கள். அதாவது மலைக்காரனுக்கு விளக்கு எரிவதற்கு முன்னால் மருந்து தயாரானது. 1932-ல் பைகாரா. தண்ணீரைச் சுமார் 3,000 அடி கீழே சிங்காரா பவர் ஹவுசில் விழவைத்து எடுத்த மின்சாரம் காடு தாண்டிக் கோயம்புத்தூர் மில்களுக்குப் போயிற்று. அந்த நகரம் நூல் நூற்று நூற்றுத் தன்னைத் தென்னாட்டு மான்செஸ்டராக்கிக்கொண்டது பைகாரா கொடுத்த கரண்டில். மதுரையில் பைக்காரா என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் எங்கள் பைகாராவைப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். பிறகு கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு குந்தா. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று அணைகள். குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாகப் பவர் ஹவுஸ்கள். அணையும் குகைப்பாதையும் முழுகிய நிலமும் இங்கே. மில்லும் தெருவிளக்கும் அங்கே. பெட்டி கச்சிதமாக இருக்க வேண்டுமானால் சூடு வெளியே இருக்க வேண்டும் அல்லவா?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அணைகள் நிரம்பின. மரங்கள் விழுந்து கம்பங்கள் சாய்ந்து, பவர் ஹவுஸ்களைச் சுற்றியிருந்த ஊர்களே இருட்டில் கிடந்தன. அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறது, வயர் மட்டும் அறுந்துவிட்டது என்ற நிலை. அதற்கு முன்பு 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பாதி நாள் கரண்ட் இல்லாத காலத்திலும் மலைக்கென்று தனிச் சலுகை எதுவும் வரவில்லை. தயாரிக்கிற இடம் என்பதற்காக இ.பி.க்காரர் கழிவு கொடுப்பதில்லை.

கரண்ட் கட்டைச் சமாளிப்பதிலும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேடிக்கை உண்டு. அன்றைய யூ.பி.எஸ். செய்த வேலையை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பேட்டரியில் இருப்பது டி.சி. அதைப் பாடுபட்டு 230 வோல்ட் ஏ.சி.யாக்கி வெளியே அனுப்பும். அடுத்த முழத்தில் எஸ்.எம்.பி.எஸ். அதே ஏ.சி.யை வாங்கி மறுபடி 12 வோல்ட் டி.சி.யாக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடைக்குப் போக ஊட்டியைச் சுற்றுவது என்பார்களே, அந்தக் கணக்கு. இரண்டு முனையிலும் கரண்ட் சூடாக வீணாகும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஏர்கண்டிஷனர், அந்த ஏர்கண்டிஷனருக்கும் கரண்ட். இன்றைக்கு வைஃபை ரவுட்டருக்கு உள்ளங்கை அளவு யூ.பி.எஸ். விற்கிறார்கள். 12 வோல்ட் உள்ளே, 12 வோல்ட் வெளியே, நடுவில் சுற்றுவழி இல்லை. 12 வோல்ட்டிலேயே ஓடும் மினி கம்ப்யூட்டர்களும் வந்துவிட்டன. ஒரு பேட்டரியையோ சோலார் பலகையையோ வைத்து அவற்றை நேராக ஓட்டலாம். பெரிய பெட்டிகளையும் இதே வழிக்குத் திருப்ப இன்டெல் 2020-ஐ ஒட்டி ஒரு விதி எழுதியது: எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டை மட்டும் கொடுத்தால் போதும், மற்ற சில்லறையைப் போர்டே மாற்றிக்கொள்ளட்டும்.

மாறாதது ஒன்று உண்டு. புது மெஷினின் உலோக ஓரத்தில் மணிக்கட்டு படும்போது அதே பழைய சுருக். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற துளிக் கரண்ட் அது. ஆபத்தில்லை, எர்த் சரியாக இருந்தால் அதுவும் இருக்காது. மருமகன் ஸ்விட்ச் போர்டைத் திறந்து பார்த்தான். எர்த் துளையில் வயர் இருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்பதை வீடு கட்டிய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். தோட்டக்காரர் இல்லை, குழி இல்லை, கரி இல்லை. எர்த் மட்டும் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எஸ்டேட் பெட்டிக்குச் சுவரில் ஒரே பிளக். மானிட்டருக்கு வேண்டிய கரண்டைச் சி.பி.யூ.வின் முதுகிலேயே எடுத்துக்கொள்ளலாம். பிரதான ஸ்விட்சைத் தட்டினால் பரிவாரம் மொத்தமும் தூங்கிவிடும். இன்றைக்கு என் மேசையில் கம்ப்யூட்டருக்கு ஓர் அடாப்டர், மானிட்டருக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று, ஃபைபர் மோடத்துக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, இரண்டு செல்போன்களுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் தன் துளையோடு பக்கத்துத் துளையையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கம்ப்யூட்டர் சிறுக்கச் சிறுக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பெருத்துக்கொண்டே வந்தது. ஒன்று போதாமல் அதிலிருந்து இன்னொன்று எடுத்தோம். எது எதற்கு என்று குழம்பியதில் என் மனைவி காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினாள்: மானிட்டர், வைஃபை, 'இதைப் பிடுங்கினால் சீரியல் போய்விடும்'.

எல்லாவற்றுக்கும் ஒட்டி முடித்த பிறகும் ஓர் அடாப்டர் மிஞ்சியது. பிளக்கில் இருக்கிறது, தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறது, அதன் வயர் அலமாரிக்குப் பின்னால் போகிறது. எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிடுங்கிப் பார்க்கலாம்தான். ஆனால் பிடுங்கிய பிறகு எது நின்றுபோயிற்று என்று வீடு முழுக்கத் தேட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-லிருந்து அரசாங்கம் கொடுக்கிறது. அதற்குள் அடங்கும்வரை அது எதற்காக உழைக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.